‘தேடாதே’ என்றொரு வரி

குருவுக்கு முப்பத்துமூன்று வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் சொல்ல வேண்டும், தெரியாதவர் கேட்க வேண்டும். கோவில்பட்டியில் ஒரு புரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் செண்பகவல்லிக்குத் தெரியும், தவசிலிங்கத்துக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

அவள் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேருக்கு வகுப்பும் எடுத்தாள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். தவசிலிங்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி நோட்டில் எழுதிக்கொள்வார். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற டிடிபி கடை அவருடையது. கடைக்கு வயது இருபதுக்கு மேல். ஒரு குடும்பத்தில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யார் பெயர் விட்டுப்போனால் பந்தியில் ரகளை நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் சொல்லிக் கொடுத்தது, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓ.எஸ். வைத்துக்கொள்ளும் வழி. ஓ.எஸ். என்பது கம்ப்யூட்டரை எழுப்பி, நடத்தி, உறங்கப்போடுகிற மூலப் புரோகிராம். பழசு அதன் பாட்டுக்கு இருக்கும், பக்கத்தில் புதுசும் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் இரண்டு பெயரும் திரையில் பட்டியலாக வரும். வேண்டியதை எழுப்பிக்கொள்ளலாம்.

"வீட்டுல தனியாப் பண்ணாதீக. இங்க கொண்டாங்க" என்றும் டீச்சர் சொல்லியிருந்தாள்.

முப்பத்துமூன்று வயதுக்காரி சொன்னதை ஐம்பத்தொரு வயதுக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டால் அப்புறம் வயதுக்கு என்ன மரியாதை? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு தவசிலிங்கம் தானே பண்ணினார். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, டிவிஎஸ் வண்டியில் காலிடுக்கில் சிபியூவை வைத்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்க மாடிப்படி ஏறினார்.

"டீச்சர், புதுசு பழசை அழிச்சிருச்சு."

"உக்காருங்க அண்ணாச்சி. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். எம்மக கல்யாணப் பத்திரிகை அதுலதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சிவகாசி அச்சாபீசுக்கு அனுப்பணும். இன்னைக்கு விட்டா காலண்டர் வேலை ஏறிரும், பத்து நாளைக்கு மெஷின் கிடைக்காதுன்னு அச்சாபீசுக்காரரு சொல்லிட்டாரு."

"கல்யாணம் என்னைக்கு?"

"இன்னும் இருபத்திரெண்டு நாள்."

"திரும்ப அடிக்க முடியாதா?"

"மாப்பிள்ளை வீட்டுல நாலு தடவை உக்காந்து ஒவ்வொரு பேரா வெட்டிச் சேர்த்து முடிச்சது டீச்சர். தாய்மாமன் முறைக்கு மட்டும் பதினோரு பேரு. ஒருத்தர் பேரு விட்டுப்போனாலும் கல்யாணமே நின்னுபோகும்."

டீச்சர் ஒயர்களைச் செருகி சுவிட்சைப் போட்டாள். எந்தப் பட்டியலும் வரவில்லை. புதுசு நேராக வந்து நின்றது.

"பாத்தீகளா? யாரு வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல. அது பாட்டுக்கு வந்து உக்காந்துக்கிட்டு."

அவள் ஹார்டு டிஸ்கின் படத்தைத் திறந்தாள். நீளமான ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு நிறம்.

"இது புதுசு. இந்தப் பக்கம் என்ன?"

"அது பழசு இருந்த இடம்."

"இருந்த இடம் இல்ல, இருக்கிற இடம். நிறைஞ்சு கிடக்கு பாருங்க."

"அப்ப அழியலையா?"

"அழியல."

தவசிலிங்கத்துக்கு அப்போதுதான் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. குடித்துவிட்டுக் கேட்டார். "பிறகு ஏன் வரமாட்டேங்குது?"

"பட்டியல்ல பேரு இல்ல. கம்ப்யூட்டர் எந்திரிக்கும்போது பட்டியலைப் பார்த்துத்தான் யாரைக் கூப்பிடணும்னு முடிவு பண்ணும். அந்தப் பட்டியலைப் போடுறது புதுசு. அதுல அதோட பேரு மட்டும்தான் இருக்கு."

"அது என்ன அநியாயம்? பாதி இடத்தை விட்டுக் குடுத்தது பழசு. நேத்து வந்தது, முந்தியே இருந்ததை இப்படியா மறைக்கும்?"

நியாயம் பேசுவது தவசிலிங்கத்துக்கு எப்போதுமே நன்றாக வரும்.

"புதுசைக் குத்தம் சொல்லாதீக. இந்த வரியைப் படிங்க."

அவள் திறந்து காட்டிய பக்கத்தில் இங்கிலீஷில் ஏழெட்டு வரிகள் இருந்தன. அவள் விரல் வைத்த வரியை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பொருள் விளங்கவில்லை.

"பக்கத்துல வேற யாரும் இருக்காகளான்னு தேடாதேன்னு சொல்லிருக்கு. புதுசு சொன்னபடி கேட்டுச்சு, தேடல. அதான் பேரும் இல்ல."

"இதை யாரு சொல்லி வச்சது?"

"செஞ்சவுக ஏதோ பாதுகாப்புக்குன்னு வச்சிருக்காக. போடும்போது மாத்திக்கிடலாம். நீங்க மாத்தல."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாம்."

அந்த ஒரு வரியை டீச்சர் மாற்றினாள். தேடச் சொன்னாள். கண்மூடித் திறப்பதற்குள் புதுசே பழசைக் கண்டுபிடித்துச் சொன்னது. ரீஸ்டார்ட் பண்ணினாள். கறுப்புத் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள் வந்தன.

காரியம் முடிந்ததும் தவசிலிங்கத்துக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"டீச்சர், ஒண்ணு பண்ணுங்க. பழசை எழுப்பவெல்லாம் வேண்டாம். புதுசு வழியாவே உள்ள போயி அந்தப் பத்திரிகையையும் பழைய ஃபைலுகளையும் எடுத்துக் குடுங்க. பிறகு பழசை மொத்தமா அழிச்சிருவோம். இனி அது எனக்கு எதுக்கு? இடத்தைத்தான் அடைச்சிக்கிட்டு இருக்கு."

டீச்சர் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புதுசுக்குள் போய், பழசு இருக்கும் இடத்தைத் திறக்கச் சொன்னாள். திறக்க மாட்டேன் என்றது.

"உள்ள தூங்குது. நேத்து அதை முழுசா அணைச்சீகளா?"

"முழுசா அணைக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. வேலையை அப்படியே போட்டுட்டுத் தூங்க வச்சிருவேன். மறுநாள் எழுப்புனா விட்ட இடத்துல நிக்கும்."

"பத்திரிகையில கடைசியாத் திருத்துனதை சேவ் பண்ணுனீகளா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப கதவை உடைச்சு உள்ள போனா, தூங்கும்போது அது கையில என்ன வச்சிருந்துச்சோ அது போயிரும். எழுப்பித்தான் வாங்கணும்."

பட்டியலில் பழசின் பெயரைத் தொட்டாள். திரை இருண்டது. நடுவில் சிறிய வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே புரோட்டாக் கடையில் மாவு அடிக்கும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் ஆனது. தவசிலிங்கத்தின் கை சுவிட்சுப் பக்கம் போனது.

"கையை எடுங்க."

"பத்து நிமிசமாச்சே டீச்சர்."

"தூங்க வச்சிட்டுப் பக்கத்துல இன்னொண்ணைக் குடிவச்சீக. அது எந்திரிச்சு, பார்த்து, நிதானிக்க வேண்டாமா?"

"எந்திரிக்குமா?"

"தெரியாது."

இந்தத் 'தெரியாது' அவருக்குப் பிடிக்கவில்லை. குருவென்றால் தெரியும் என்று சொல்ல வேண்டும். கைகளை மடிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிஷம் கழித்துத் திரை வெளுத்தது. முதலில் ஒரு பெயர் வந்தது. மாரீஸ்வரி. அதற்குக் கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். தவசிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு பாஸ்வேர்டை அடித்தார். பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை விட்ட இடத்தில் விட்டபடியே திறந்திருந்தது.

அவர் முதல் வேலையாக அதை சேவ் செய்தார். டீச்சர் மேலிருந்து கீழாகப் படித்தாள். முதல் வரி தெய்வத்திரு குருசாமி, அதாவது தவசிலிங்கத்தின் அப்பா. பிறகு மாப்பிள்ளையின் தாத்தா, அவரும் தெய்வத்திரு. பிறகு மாமன்மார், சித்தப்பன்மார், அத்தைமார், அவர்கள் வீட்டு மருமக்கள் என்று வரிசையாகப் போய், நடுவில் பெரிய எழுத்தில் தவசிலிங்கம் – கனகமணி இவர்களின் மகள் கௌசல்யா.

"உள்ள வரும்போது ஒரு பேரு வந்துச்சே, அது உங்க கடைப் பேருதானே?"

"ஆமா."

"கடைக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல. மாரீஸ்வரி டிடிபி என்ற போர்டைப் பார்த்து, அம்மன் பேரு வச்சிருக்கீக, நல்லா வருவீக என்று சொன்னவர்கள் பலர். அவரும் கும்பிட்டு, ஆமாமா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். டீச்சரிடமும் அதையே சொல்லத்தான் வாயெடுத்தார். சற்று முன் 'தெரியாது' என்று சொன்ன முகத்தைப் பார்த்து அந்தப் பொய் வரவில்லை.

"கௌசல்யாவைப் பெத்தவ பேரு."

"தவறிட்டாகளா?"

"இல்ல. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுல வேலை பார்க்கா."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டை. காரணம் இப்போது கேட்டால் அவருக்கே நினைவில்லை. 'உங்க அம்மா வீட்டுல போயி ரெண்டு நாள் இருந்துட்டு வா' என்று மாரீஸ்வரியை பஸ் ஏற்றிவிட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அவளை அனுப்பவில்லை. ரெண்டு நாள் கழித்துப் போய்க் கூட்டி வரவும் இல்லை. பஞ்சாயத்து இல்லை, கோர்ட் இல்லை, போ என்று ஒரு சொல் கூட இல்லை. அடுத்த வருஷம் கனகமணி வந்தாள்.

"கனகமணி ஒத்துக்கிட மாட்டா டீச்சர்" என்றார், கேட்காமலேயே. "அந்தப் பேரைப் போட்டா வீடு ரெண்டாயிரும். அதான் போடல."

"அவுகள்ட்ட கேட்டீகளா?"

தவசிலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில வந்ததும் புதுசு பழசை அழிச்சிருச்சுன்னு சொன்னீக" என்றாள் டீச்சர். ஒயர்களைச் சுருட்டி சிபியூவின் மேல் வைத்தாள். "கொண்டு போங்க அண்ணாச்சி. சாயங்காலம்தானே அனுப்பணும்?"

கடையில் சிபியூவை இறக்கி வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனபோது, கனகமணி சீர்ப் பாத்திரங்களைச் சாக்கிலிருந்து எடுத்து, பெயர் வெட்ட அனுப்புவதற்காகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசல்படியில் நின்றபடியே கேட்டார். கேட்கும்போது குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது.

"பத்திரிகையில… மாரி பேரைப் போட்டா உனக்கு வருத்தமா?"

கனகமணி கையிலிருந்த குத்துப்போணிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எப்பம் வருத்தம்னு சொன்னேன்?"

"சொல்லல. இருந்தாலும்…"

"முத தடவை அடிச்சிக் கொண்டாந்து காட்டுனீகளே, அன்னைக்கே அந்தக்கா பேரைத் தேடுனேன். இல்ல. பெத்த மகளுக்கு நீங்களே போடாதப்ப நான் எந்த வாயால கேக்க?" அவள் குரல் ஏறவில்லை. "இளையவ வந்து மூத்தவளை மறைச்சிட்டான்னு ஊரு என்னையத்தான் சொல்லுது. பதின்மூணு வருசமா. தண்ணிக் குழாயில, ரேஷன் கடையில. உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லல, தெரியுமா?"

அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். தவசிலிங்கத்துக்கு உள்ளே போகவும் கால் வரவில்லை, வெளியே போகவும் வரவில்லை. பதின்மூன்று வருஷமாக, கேட்டவர்களிடமெல்லாம் 'கனகமணிக்குப் பிடிக்காது' என்று சொல்லிச் சொல்லித் தானும் அதை நம்பியிருந்தார். அது கைவிட்டுப் போனபின் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

கடைக்கு வந்து, சிபியூவை மாட்டி, பட்டியலில் பழசைத் தொட்டு எழுப்பினார். தவசிலிங்கம் என்ற பெயருக்குப் பக்கத்தில் மாரீஸ்வரி, அடுத்து கனகமணி என்று அடித்து, ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வண்டியை முடுக்கினார்.

தீப்பெட்டி ஆபீசில் மூன்று மணிக்கு டீ குடிக்க விடுவார்கள். வாட்ச்மேனிடம் சொல்லியனுப்ப, மாரீஸ்வரி வாசலுக்கு வந்தாள். கையில் லேபிள் பசை காய்ந்திருந்தது. தலை பாதி நரைத்திருந்தது. இப்போது அவள் இருப்பதும் இதே ஊர்தான், ரயில்வே கேட்டைத் தாண்டினால் பத்து நிமிஷம். அவளை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பதினாலு வருஷம் ஆகிறது.

"புள்ளைக்கு ஏதும் ஒண்ணுமா?" என்றாள் முதலில்.

"புள்ள நல்லாருக்கா. பத்திரிகை…"

அவள் முந்தானையில் கையைத் துடைத்து, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினாள். வேகமாகப் படித்தாள். கடை தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும்.

"முகூர்த்த நேரம் போட்டுருக்கீக, கிழமை விட்டுப்போச்சு."

அவர் எட்டிப் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. நாலு தடவை உட்கார்ந்து பார்த்த இருபது பேர் கண்ணிலும் அது படவில்லை.

"உன் பேரு…"

"பாத்தேன்."

"நீ வரணும் மாரி."

"ரெண்டு நாள் இருந்துட்டு வான்னு அனுப்புனீக" என்றாள் மாரீஸ்வரி. "பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாப்பேன். ஒரு வருசம் பாத்தேன். பெறகு கனகமணி வந்துட்டாளாம்னு சொன்னாக, பாக்குறதை விட்டுட்டேன். இனிமே என்னால அந்த மண்டபத்துல வந்து ஒரு ஓரமா நிக்க ஆகாது."

"கௌசல்யாவுக்காகவாவது…"

"அவ மாசம் ரெண்டு தடவை என்னைய வந்து பாத்துட்டுத்தான் போறா. கல்யாணத்துக்கு முந்துன நாள் பட்டுச்சேலையைக் கட்டிக் காட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கா. எனக்கு அது போதும்."

மகள் இங்கே வந்துபோவது அவருக்குத் தெரியாது. மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று அவர் அவளைக் கேட்டதே இல்லை.

மாரீஸ்வரி தாளை நீட்டினாள். "பேரை எடுத்துருங்க. பேரு இருந்து ஆளு இல்லன்னா நாலு பேரு எங்க எங்கன்னு கேப்பாக. புள்ளைக்குத்தான் சங்கடம். கிழமையைப் போட மறந்துராதீக."

உள்ளே மணி அடித்தது. அவள் போய்விட்டாள்.

பேரை எடுத்துருங்க என்ற சொல் காதில் விழுந்தபோது தவசிலிங்கத்துக்கு நெஞ்சு கனத்தது உண்மை. அதோடு, அடியில் எங்கோ ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அதுவும் உண்மை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டாம், மண்டபத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், எல்லாம் முன்னிருந்தபடியே இருந்துவிடும். அந்த நிம்மதியைத் தனக்குள் கண்டுகொண்டபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வழியெல்லாம் அந்த அருவருப்பு போகவில்லை, நிம்மதியும் போகவில்லை.

கடையில் கிழமையைச் சேர்த்துப் புதிதாக ஒரு தாள் எடுத்தார். மாரீஸ்வரி என்ற பெயரின் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தார். அழிக்கும் பொத்தானின் மேல் விரல் நின்றது. அச்சாபீசிலிருந்து போன் வந்தது. ஆறு மணிக்குள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு டீச்சரின் மாடிப்படி ஏறினார். மணி ஐந்து.

டீச்சர் யாருடைய லேப்டாப்பையோ கழற்றிப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கனகமணிக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையாம்" என்றார்.

"சரி."

"மாரி வரமாட்டேன்னுட்டா."

டீச்சர் நிமிர்ந்தாள்.

"பேரையும் எடுக்கச் சொல்லிட்டா. அவளே சொல்லிட்டா டீச்சர், நானாச் சொல்லல. நாலு பேரு கேப்பாக, புள்ளைக்குச் சங்கடம்ங்கா. யோசிச்சுப் பாத்தா அதுவும் சரியாத்தான் படுது. வராத ஆளுக்குப் பத்திரிகையில எதுக்குப் பேரு? எடுத்துட்டு அனுப்பிரவா?"

டீச்சர் பிரஷைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். அதை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"தெய்வத்திரு குருசாமி. உங்க அப்பாதானே?"

"ஆமா."

"அவரு கல்யாணத்துக்கு வாறாரா, அண்ணாச்சி?"